ஒரே ஒரு விஷயத்தை மாத்தலாம்னா? "இது எத்தனை வட்டி?"



"இந்த உலகத்துல ஒரே ஒரு விஷயத்தை மாத்தலாம்னு அதிகாரம் கொடுத்தா, எதை மாத்துவீங்க?" இந்தக் கேள்வியை யார்கிட்ட கேட்டாலும் பெரிய பதில்தான் வரும். போர் இருக்கக் கூடாது, யாரும் பசியோட தூங்கக் கூடாது, லஞ்சம் ஒழியணும், சாதி ஒழியணும். எல்லாமே நியாயமான பதில்கள்.

என் பதில் கொஞ்சம் சின்னது. தொழில் அப்படி. தினமும் மத்தவங்களோட பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்க்கிற ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்கிட்ட கேட்டா அவர் வேற என்ன சொல்வார்? நான் மாத்த நினைக்கிறது இதுதான்: கடன் யார் கொடுத்தாலும், அது பேங்கோ, ஆப்போ, மொபைல் ஷோரூமோ, முதல் பக்கத்துல எல்லா எழுத்தையும் விடப் பெரிய எழுத்துல ஒரே ஒரு நம்பர் இருக்கணும். அந்தக் கடனோட முழு விலை. ஃபீஸ், ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த உண்மையான வட்டி.

"இது ஒரு பெரிய விஷயமா?"ன்னு தோணலாம். இந்தக் கட்டுரையை முடிக்கும்போது உங்க சம்பளத்துல பாதி எங்க போகுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். அப்புறம் நீங்களே சொல்லுங்க.

பாட்டிக்குத் தெரிஞ்ச கணக்கு

நம்ம ஊர்ல கடனுக்கு விலை சொல்ல ஒரு அருமையான முறை இருந்துச்சு. இப்பவும் இருக்கு. "ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்", "மூணு வட்டின்னா வேண்டாம்பா", "நகைய வெச்சா நூத்துக்கு 75 பைசா வட்டிதான்". 100 ரூபாய்க்கு ஒரு மாசத்துக்கு எத்தனை ரூபாய். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட இந்தக் கணக்கை மனசுலயே போட்டுடுவாங்க. ஒரு வட்டின்னா வருஷத்துக்கு 12%. ரெண்டு வட்டின்னா 24%. அஞ்சு வட்டின்னா 60%. அஞ்சு வட்டின்னு கேட்டதும் அவங்க முகம் மாறும்.

கொடுக்கிறவர் நல்லவரா கெட்டவரா என்பது வேற விஷயம். விலையை மறைக்காம சொன்னார். நமக்கு வர்ற கடன் எப்படி வருது? "மாசம் வெறும் 5,167 ரூபாய்", "நோ காஸ்ட் இஎம்ஐ", "வட்டியே இல்ல, ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும்", "மினிமம் டியூ கட்டினா போதும்". நாலு கடன், நாலு பாஷை. ஒன்னோட ஒன்னை ஒப்பிடவே முடியாது. ஒப்பிட முடியாத பொருளுக்கு நீங்க பேரம் பேசவும் முடியாது.

அதனால இன்னைக்கு ஒரு வேலை செய்வோம். இந்த நாலையும் பாட்டி பாஷைக்கு மொழிபெயர்ப்போம். வாங்க.

1. பர்சனல் லோன்: "12 பர்சென்ட் தான் சார்"

1 லட்சம் ரூபாய் கடன். 24 மாசம். "12% ஃப்ளாட் ரேட்". கணக்கு எளிது. வருஷத்துக்கு 12,000, ரெண்டு வருஷத்துக்கு 24,000. மொத்தம் 1,24,000. அதை 24-ஆல வகுத்தா இஎம்ஐ 5,167 ரூபாய். 12%ன்னா ஒரு வட்டிதானே, பரவாயில்லையேன்னு கையெழுத்துப் போடுவோம்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. நீங்க ஒவ்வொரு மாசமும் அசலையும் சேர்த்துத்தான் திருப்பிக் கட்டுறீங்க. ஒரு வருஷம் முடியும்போது கிட்டத்தட்ட பாதி அசல் கட்டியாச்சு. ஆனா ரெண்டாவது வருஷமும் முழு 1 லட்சத்துக்குத்தான் வட்டி போடறாங்க. உங்க கையில இல்லாத பணத்துக்கு நீங்க வட்டி கட்டுறீங்க.

பாக்கி இருக்கிற அசலுக்கு மட்டும் வட்டின்னு கணக்குப் போட்டா, இது வருஷத்துக்கு 21.6%. மாசத்துக்கு 1.8. ஒரு வட்டின்னு நினைச்சது, ஒன்னே முக்கால் வட்டியையும் தாண்டியாச்சு.

இன்னும் முடியல. ப்ராசஸிங் ஃபீஸ் 2%, அதுக்கு 18% ஜிஎஸ்டி. மொத்தம் 2,360 ரூபாய் முதல்லயே பிடிச்சுட்டாங்க. உங்க அக்கவுன்ட்ல வந்தது 97,640 தான். ஆனா இஎம்ஐ 1 லட்சத்துக்கே. இப்போ கணக்கு 24.1%. சுத்தமா ரெண்டு வட்டி. கூடவே "லோன் இன்சூரன்ஸ்"னு ஒரு 1,500 ரூபாயைப் பிடிச்சா 25.7%.

12% எப்படி 25.7% ஆச்சுன்னு பார்த்தீங்களா? இதுல யாரும் பொய் சொல்லல. எல்லாமே அக்ரிமென்ட்ல எழுதியிருக்கும். வெவ்வேற பக்கத்துல.

ஒரு சுலபமான வழி: ரெண்டு மூணு வருஷக் கடனுக்கு ஃப்ளாட் ரேட் சொன்னா, அதை 1.8-ஆல பெருக்குங்க. உண்மையான வட்டி ஏறக்குறைய அவ்வளவு. ஃபீஸ் தனி.

2. நோ காஸ்ட் இஎம்ஐ: காஸ்ட் எங்க போச்சு?

போன் விலை 60,000 ரூபாய். ஆறு மாசம், மாசம் 10,000. வட்டி பூஜ்யம். சரி, அதே கடையில "முழுப் பணமும் இப்பவே கட்டினா எவ்வளவு?"ன்னு கேளுங்க. 4,000 ரூபாய் டிஸ்கவுன்ட் கொடுத்து 56,000-க்குத் தர்றாங்கன்னு வெச்சுக்குவோம்.

அப்போ அந்தப் போனோட உண்மையான விலை 56,000. நீங்க 56,000 ரூபாய் கடன் வாங்கி, ஆறு மாசத்துல 60,000 ஆகத் திருப்பிக் கட்டுறீங்க. இதுக்கு வட்டி வருஷத்துக்கு 24%. இதுவும் ரெண்டு வட்டி.

கிரெடிட் கார்டுல நோ காஸ்ட் இஎம்ஐ போட்டா இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. பேங்க் தன்னோட வட்டியைப் போடும். அந்த வட்டியைக் கடையோ கம்பெனியோ டிஸ்கவுன்டா ஈடுகட்டும். ஆனா அந்த வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி உங்க பில்லுல வரும். ப்ராசஸிங் ஃபீஸ் இருந்தா அதுவும்.

ஜீரோ பர்சென்ட் வட்டின்னு ஒன்னு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல பேங்குகளுக்கு அனுப்பின சுற்றறிக்கையில சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் விளம்பரத்துல "ஜீரோ பர்சென்ட்" குறைஞ்சுது. "நோ காஸ்ட்" வந்துச்சு.

நேர்மையாச் சொல்லணும்னா, முழுப் பணம் கட்டினாலும் அதே 60,000 தான், ஃபீஸும் இல்லைன்னா நோ காஸ்ட் இஎம்ஐ உங்களுக்கு லாபம்தான். ஜிஎஸ்டி மட்டும்தான் செலவு. அதனால கேட்க வேண்டிய கேள்வி ஒன்னே ஒன்னு: "ரொக்கமா வாங்கினா என்ன விலை?"

3. கிரெடிட் கார்டு: மினிமம் டியூ என்கிற புதைமணல்

நிறைய கார்டுகள்ல பாக்கி வெச்சா மாசத்துக்கு 3.5% வட்டி. பாட்டி பாஷையில மூணரை வட்டி. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி. சேர்த்தா மாசத்துக்கு 4.13. நாலு வட்டிக்கு மேல. வருஷத்துக்கு கிட்டத்தட்ட 50%. ஊர்ல யாராவது நாலு வட்டிக்குக் கடன் வாங்கினா வீட்டுல என்ன பேச்சு கேட்பாங்க? அதே நாலு வட்டி நம்ம பர்ஸுல பளபளன்னு இருக்கு.

1 லட்சம் ரூபாய் பாக்கி. புதுசா எதுவும் வாங்கல. மாசாமாசம் வட்டியோட சேர்ந்த பாக்கியில 5% மட்டும் கட்டுறீங்க. தவறாம, தேதி தப்பாம. ஒரு வருஷம் கழிச்சுப் பாருங்க.

நீங்க கட்டினது: சுமார் 58,900 ரூபாய்.
இன்னும் பாக்கி: சுமார் 87,800 ரூபாய்.

58,900 ரூபாய் கட்டி 12,200 ரூபாய் கடன்தான் குறைஞ்சிருக்கு. மீதி 46,700 வட்டிக்கும் ஜிஎஸ்டிக்கும் போயாச்சு. இதுல இன்னொரு ஆபத்து, பாக்கி இருக்கும்போது புதுசா எதை வாங்கினாலும் அதுக்கு அந்த 45-50 நாள் வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும். காலையில குடிச்ச காபிக்கும் நாலு வட்டி.

"இவ்வளவு வட்டிக்கு உச்சவரம்பு இல்லையா?"ன்னு நிறையப் பேர் கேட்கிறாங்க. 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம் கார்டு வட்டி 30%-ஐத் தாண்டினா அது முறையற்ற வணிகம்னு தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செஞ்சுடுச்சு. ஆக, விலைக்கு ஒரு வேலி போட்டுக் கொடுப்பாங்கன்னு காத்திருக்க வேண்டாம். விலையைப் பார்க்க வேண்டியது நாமதான்.

4. ஆப் கடன்: புது மொந்தையில பழைய தண்டல்

"10,000 ரூபாய். 30 நாள். வட்டி இல்ல. 5% சர்வீஸ் ஃபீஸ் மட்டும்." ஃபீஸ் 500, ஜிஎஸ்டி 90. கைக்கு வர்றது 9,410. ஒரு மாசம் கழிச்சுக் கட்ட வேண்டியது 10,000. அதாவது 9,410 ரூபாய்க்கு 590 ரூபாய் வட்டி. ஆறேகால் வட்டி. வருஷத்துக்கு 75%. அதுவே 15 நாள் கடன்னா பன்னிரண்டரை வட்டி.

சென்னை மார்க்கெட் பக்கம் போனா தண்டல்னு ஒன்னு இருக்கு. 10,000 ரூபாய் கடன்னு பேர். கையில 9,000 தான் கொடுப்பாங்க. தினமும் 100 ரூபாய், 100 நாள் கட்டணும். அதைக் கணக்குப் போட்டா மாசத்துக்கு ஏறக்குறைய ஆறரை வட்டி வருது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதல்லயே பிடிச்சுக்கிட்டுக் கொடுக்கிற அதே டெக்னிக், ஏறக்குறைய அதே விலை. ஒன்னுல ஆள் சைக்கிள்ல வருவார், இன்னொன்னுல நோட்டிஃபிகேஷன் வரும்.

தமிழ்நாட்டுல 2003-ல கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டத்துல தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் அதே பேர்லயே இடம்பெற்றிருக்கு. தெருவுல வர்ற வட்டிக்கு நாம பேர் வெச்சு அடையாளம் கண்டுபிடிச்சோம். போன்ல வர்ற வட்டிக்கு இன்னும் பேர் வைக்கல.

இந்த ஒரு விஷயத்தை மாத்த நினைச்ச ஒருத்தர்

கடனோட முழு விலையை ஒரே நம்பரா சொல்லணும்கிறது என் சொந்த யோசனை இல்லை. அமெரிக்காவுல பால் டக்ளஸ்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார். எகனாமிக்ஸ் படிச்சவங்களுக்கு "காப்-டக்ளஸ்" ஞாபகம் இருக்கும். அந்த டக்ளஸ்தான். பின்னாடி இல்லினாய் மாநிலத்துல இருந்து செனட்டர் ஆனார்.

அன்னைக்கு அங்கயும் இதே கதைதான். ஒருத்தர் ஃப்ளாட் ரேட் சொல்வார், ஒருத்தர் மாச ரேட் சொல்வார், ஒருத்தர் ஃபீஸை மட்டும் சொல்வார். யார்கிட்ட வாங்கினா மலிவுன்னு மக்களுக்குத் தெரியாது. எல்லாக் கடனுக்கும் ஒரே மாதிரி வருஷ வட்டி விகிதம் சொல்லியே ஆகணும்னு 1960-ல டக்ளஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். கடன் கொடுக்கிற தரப்பு எதிர்த்துச்சு. அப்படிக் கணக்குப் போடறதே நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு சொன்னாங்க. மசோதா வருஷக்கணக்கா கமிட்டியிலேயே கிடந்துச்சு. 1966 தேர்தல்ல டக்ளஸ் தோத்தே போயிட்டார். அதுக்கப்புறம் செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மையர் அதைக் கையில எடுத்தார். 1968 மே 29-ஆம் தேதி அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட, சட்டமாச்சு. "கடனில் உண்மை"ன்னு அர்த்தம் வர்ற பேர். ஏபிஆர் அப்படிங்கிற வார்த்தை கடன் பத்திரங்கள்ல கட்டாயமா இடம்பிடிச்சது இதுலதான்.

எட்டு வருஷம். அந்தச் சட்டம் யாருக்கும் பணம் கொடுக்கல, வட்டியைக் குறைக்கவும் இல்ல. விலைச்சீட்டை ஒட்டச் சொன்னது, அவ்வளவுதான். விலைச்சீட்டு இருந்தாத்தானே பக்கத்துக் கடையில விசாரிக்க முடியும்?

நம்ம நாட்டுல: கேஎஃப்எஸ்னு ஒரு பேப்பர்

நல்ல செய்தி, நமக்கும் அந்த விலைச்சீட்டு வந்தாச்சு. நிறையப் பேருக்குத் தெரியாது, அதான் பிரச்சினை.

2024 அக்டோபர் 1-க்கு அப்புறம் சாங்ஷன் ஆகிற எல்லாப் புது ரீடெய்ல் டேர்ம் லோனுக்கும் கேஎஃப்எஸ், அதாவது முக்கிய விவரங்கள் அடங்கிய தாள் ஒன்னை, பேங்குகளும் என்பிஎஃப்சிகளும் உங்களுக்குக் கொடுத்தே ஆகணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கு. அதுல உங்களுக்குச் சாதகமான சில விஷயங்கள்:

• ஏபிஆர் கண்டிப்பா இருக்கணும். வட்டி மட்டும் இல்ல, ப்ராசஸிங் ஃபீஸ், கூடவே மூணாவது ஆளுக்காகப் பிடிக்கிற இன்சூரன்ஸ் மாதிரியான கட்டணமும் சேர்ந்த விகிதம்.

• உங்களுக்குப் புரியற மொழியில இருக்கணும். தமிழ்ல கேளுங்க, கூச்சமே வேண்டாம்.

• ஏழு நாளோ அதுக்கு மேலயோ உள்ள கடன்னா, அந்த ஆஃபர் குறைஞ்சது மூணு வேலை நாளைக்கு செல்லணும். "இன்னைக்கே கையெழுத்துப் போடலைன்னா ஆஃபர் போயிடும்"னு அவசரப்படுத்தினா, இதை ஞாபகப்படுத்துங்க.

• அந்தத் தாள்ல சொல்லாத எந்தக் கட்டணத்தையும், உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாம பின்னாடி வசூலிக்கக் கூடாது.

ஆப் கடன்களுக்கு இன்னும் ஒன்னு உண்டு. கூலிங் ஆஃப் காலம், குறைஞ்சது ஒரு நாள். வாங்கின பிறகு மனசு மாறினா, அசலையும் அத்தனை நாளுக்கான வட்டியையும் கொடுத்துட்டு அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம். கேஎஃப்எஸ்ல சொல்லியிருந்தா ப்ராசஸிங் ஃபீஸை மட்டும் அவங்க வெச்சுக்கலாம். அந்த ஆப் முறையானதுதானான்னு தெரிஞ்சுக்க, ரிசர்வ் வங்கி இணையதளத்துல டிஜிட்டல் கடன் செயலிகளோட பட்டியல் இருக்கு. அதுல பேர் இல்லைன்னா தொடவே தொடாதீங்க.

ஆனா ஒரு ஓட்டை உண்டு. கிரெடிட் கார்டு பாக்கிக்கு இந்த கேஎஃப்எஸ் விதி பொருந்தாது. இருக்கிறதுலயே விலை உயர்ந்த கடன்கள்ல ஒன்னுக்கு அந்தச் சீட்டு இல்ல. ஸ்டேட்மென்ட்ல வட்டி விவரமும், மினிமம் மட்டும் கட்டினா எவ்வளவு நாள் இழுக்கும்கிற எச்சரிக்கையும் இருக்கும். நம்ம கண்ணு "மினிமம் அமவுன்ட் டியூ" கிட்டயே நின்னுடும்.

எக்செல்ல ஒரே நிமிஷம்

யாரும் சொல்லாட்டியும் நீங்களே கண்டுபிடிக்கலாம். எக்செல்லயோ கூகுள் ஷீட்லயோ "ரேட்"னு ஒரு ஃபார்முலா இருக்கு. அதுக்கு மூணே மூணு விவரம் போதும்:

1. எத்தனை மாசம்
2. இஎம்ஐ எவ்வளவு (மைனஸ் குறியோட போடுங்க)
3. உங்க கைக்கு உண்மையில வந்த தொகை

மூணாவதுதான் முக்கியம். சாங்ஷன் ஆன தொகையைப் போடாதீங்க, அக்கவுன்ட்ல விழுந்த தொகையைப் போடுங்க. வர்ற விடை மாச வட்டி. 2%ன்னு வந்தா ரெண்டு வட்டி. வருஷத்துக்கு வேணும்னா 12-ஆல பெருக்குங்க. மேல சொன்ன பர்சனல் லோனுக்கு 24, மைனஸ் 5167, 97640 போட்டுப் பாருங்க. ரெண்டு வட்டி வருதான்னு நீங்களே சரிபாருங்க. ஷீட்டைத் திரையில போட்டு எப்படிப் பண்றதுன்னு நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன்.

கொடுக்கிற வட்டி ரூபாயில, வாங்குற வட்டி பைசாவுல

இதே கண்ணாடியைச் சேமிப்பு பக்கமும் திருப்புங்க. "வருஷம் 1 லட்சம், 10 வருஷம் கட்டுங்க. 20-வது வருஷ முடிவுல 20 லட்சம், டபுள், கேரன்டி!" கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டா வருஷத்துக்கு 4.5% தான். பாட்டி பாஷையில 38 பைசா வட்டி.

உங்க பிஎஃப் 2024-25-க்கு 8.25% கொடுத்துச்சு. அது 69 பைசா வட்டி. பிபிஎஃப் 7.1%ன்னா 59 பைசா. நம்மில் நிறையப் பேர் ஒரு கையால 38 பைசா வட்டிக்குப் பணத்தைப் போட்டுட்டு, இன்னொரு கையால நாலு வட்டிக்குக் கடன் ஓட்டிக்கிட்டு இருக்காங்க. ரெண்டும் வேற வேற பாஷையில எழுதியிருக்கறதால கண்ணுக்குத் தெரியல.

இப்போ உங்க சம்பளத்துக்கு வருவோம்

கைக்கு 40,000 சம்பளம் வர்ற ஒருத்தரை நினைச்சுக்குவோம். பர்சனல் லோன் 5,167. போன் இஎம்ஐ 10,000. கார்டு மினிமம் சுமார் 5,200. தனித்தனியாப் பார்த்தா எதுவும் பயமுறுத்தல. கூட்டினா 20,367. சம்பளத்துல பாதி. வாடகையும் சாப்பாடும் ஊருக்கு அனுப்புறதும் மீதிப் பாதியில. அது பத்தாம மறுபடியும் கார்டு. இப்படித்தான் வட்டம் சுத்துது. இதுல பெரும்பாலும் ஊதாரித்தனம்னு எதுவும் இருக்காது. தங்கச்சி கல்யாணமோ, அப்பாவோட ஆஸ்பத்திரிச் செலவோ, வேலை மாறின ரெண்டு மாச இடைவெளியோ இருக்கும்.

அவருக்கு 50,000 ரூபாய் போனஸ் வருது. எங்க போடணும்? ஒரு மாசத்துல அந்த 50,000 எவ்வளவு மிச்சப்படுத்துதுன்னு மட்டும் பாருங்க.

• கார்டு பாக்கியை அடைச்சா: 2,065 ரூபாய்
• பர்சனல் லோனை அடைச்சா: சுமார் 900 ரூபாய் (ஃபீஸ் ஏற்கெனவே போயாச்சு, ப்ரீ-க்ளோஷர் சார்ஜ் இருந்தா இன்னும் குறையும்)
• 7% ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டா: 292 ரூபாய்

பதில் தானா வந்துடுச்சு இல்லையா? எல்லாத்தையும் வட்டி கணக்குக்கு மாத்தினதும் ஆலோசகர் யாரும் தேவைப்படல. இதையே விதியா வெச்சுக்கோங்க:

1. இன்னைக்கு ராத்திரி உங்க எல்லாக் கடனையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. பேர், பாக்கி, "எத்தனை வட்டி". கைமாத்து வாங்கினதையும் சேர்த்து.

2. எந்தக் கடன் பெரிசுன்னு பார்க்காதீங்க, எது அதிக வட்டின்னு பார்த்து அதை முதல்ல அடைங்க. மத்ததுக்கு இஎம்ஐ மட்டும் தவறாம போகட்டும்.

3. நாலு வட்டிக் கடனை ஒரே தடவையில அடைக்க முடியலைன்னா, அதை மலிவான கடனா மாத்துங்க. 16% பர்சனல் லோன்னா ஒன்னே கால் வட்டிக்குக் கொஞ்சம் மேல. நகைக்கடன் இன்னும் குறைவாக் கிடைக்கலாம். ஆனா மாத்தின பிறகு அந்தக் கார்டைப் பூட்டி வைங்க. இல்லைன்னா ரெண்டு கடன் ஆயிடும்.

4. ஒரு வட்டிக்கு மேல கடன் எதுவும் பாக்கி இருக்கிற வரைக்கும், எமர்ஜென்சிக்குக் கொஞ்சம் ஒதுக்கினது போக, புது முதலீடு எதையும் ஆரம்பிக்க வேண்டாம். 24% கடனை அடைக்கறதுதான் உங்களுக்குக் கிடைக்கிற கேரன்டி 24% ரிட்டர்ன். டேர்ம் இன்சூரன்ஸையும் மெடிக்ளெய்மையும் மட்டும் நிறுத்தாதீங்க.

5. கேஎஃப்எஸ் தரலைன்னாலோ, அதுல இல்லாத கட்டணம் பிடிச்சாலோ, முதல்ல கடன் கொடுத்தவங்ககிட்ட எழுத்துல புகார் கொடுங்க. 30 நாள்ல சரியான பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கியோட ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் கிடையாது. வழிமுறை தெரிய 14448-க்குக் கூப்பிடுங்க.

கடன் தப்பா?

தப்பில்லை. ராத்திரி ஆஸ்பத்திரியில அட்வான்ஸ் கேட்கும்போது யாரும் ஏபிஆர் பார்த்துக்கிட்டு நிற்க முடியாது. ரெண்டு வட்டிக்கு வாங்கித்தான் ஆகணும்னா வாங்குங்க. கொடுக்கிறவங்க பக்கமும் நியாயம் உண்டு. அடமானம் இல்லாத சின்னக் கடனுக்கு ரிஸ்க் அதிகம், செலவும் அதிகம். வட்டி கூடத்தான் இருக்கும். விலை அதிகமா இருக்கறது ஒரு விஷயம். விலையே தெரியாம வாங்கறது வேற விஷயம். அந்த ரெண்டாவதைத்தான் நான் மாத்தணும்னு ஆசைப்படறேன்.

போரை நிறுத்தவோ பசியைப் போக்கவோ உங்களாலயும் என்னாலயும் இந்த மாசத்துக்குள்ள முடியாது. ஆனா விலைச்சீட்டு இல்லாத பொருளைக் கையில எடுத்துக் கவுன்டர்ல கேட்கிற தைரியம் நமக்கு எப்பவும் உண்டு. அடுத்த தடவை லோன் ஏஜென்ட் போன் பண்ணி, "சார், உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்ட் ஆஃபர், இஎம்ஐ வெறும்..."னு ஆரம்பிக்கும்போது, நடுவுல நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. எல்லாம் சேர்த்து, இது எத்தனை வட்டி?"

பதில் தெரியாம அவர் திணறினா, உங்களுக்குப் பதில் கிடைச்சாச்சு.